விஷ் யூ வேர் ஹியர் எல்பி: சிட் பாரெட் வாசிக்காத தட்டு

மூலை நசுங்கித்தான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசிவரை மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளைக் கொண்டுவந்த பையன், அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி, "அண்ணாச்சி, உள்ள என்ன, கண்ணாடியா?" என்று கேட்டான். தட்டு என்றேன். "சாப்பாட்டுத் தட்டா?" என்றான். பாட்டுத் தட்டு என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். மாற்றித் தருகிறோம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். பிரித்துப் பார்த்தாயிற்று, ஊசியை வைத்துக் கேட்டுமாயிற்று, இனி எங்கே திருப்பி அனுப்ப?

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975 செப்டம்பரில் வெளிவந்தது. என்னிடம் இருப்பது 2016-ல் வந்த மறுபதிப்பு, 180 கிராம் கனத் தட்டு. பழைய ஒலிநாடாவிலிருந்து இதற்காக மாஸ்டரிங் (தட்டு போடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் செம்மை செய்வது) செய்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கத்ரி, அந்தக் குழுவோடு பல வருஷம் வேலை பார்த்தவர். அது காதில் தெரிகிறது. அமைதியான இடத்தில் இரைச்சல் குறைவு, அடித்தொனி கட்டுக்குள் நிற்கிறது.

போட்டுக் கேட்க எனக்கு வாய்த்தது மாமா வீட்டுப் பரணில் இருபது வருஷம் தூங்கிய ரெக்கார்டு பிளேயர் பெட்டி. மோட்டார் ஓடியது, பெல்ட் கையில் எடுத்ததும் பனங்கற்கண்டு மாதிரி உதிர்ந்தது. திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் இன்னும் ஒரே ஒரு அண்ணாச்சி இந்த வேலை பார்க்கிறார், ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்பிளிஃபயர் எல்லாம் சேர்த்து. அதே அளவு பெல்ட் கிடைக்காது தம்பி, வேறொன்று போட்டுத் தருகிறேன், ஒண்ணும் ஆவாது என்றார். போட்டார், ஓடியது. இருநூறு ரூபாய்.

போனில் இலவசமாகக் கிடைக்கிற பாட்டை எதற்கு இத்தனை பாடுபட்டுக் கேட்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தத் தட்டில் மொத்தம் ஐந்தே உருப்படி, 44 நிமிஷம். முதல் உருப்படியும் கடைசி உருப்படியும் ஒரே பாட்டின் இரண்டு துண்டுகள், ஒன்பது பாகங்களாகப் பிரித்து முன்னும் பின்னும் வைத்திருக்கிறார்கள். சேர்த்தால் 26 நிமிஷம் வரும். நடுவில் மூன்று பாட்டுகள். போனில் இதை யாரும் வரிசையாகக் கேட்பதில்லை, முதல் பாட்டின் முதல் நிமிஷத்திலேயே கை அடுத்ததைத் தள்ளிவிடும். தட்டு அப்படித் தள்ள விடாது. எழுந்து போய் ஊசியைத் தூக்க வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டே உட்கார்ந்து கேட்டுவிடுவோம்.

ஆரம்பத்தில் ஒரு ஒலி வரும். கீபோர்டு என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். அதனோடு ஒயின் கிளாஸ் விளிம்பில் ஈர விரலைச் சுற்றி எழுப்பிய சத்தத்தையும் கலந்திருக்கிறார்கள். வாத்தியமே இல்லாமல் வீட்டுச் சாமான்களை வைத்து ஒரு ஆல்பம் செய்வோம் என்று கிறுக்குத்தனமாக ஆரம்பித்துக் கைவிட்ட வேலையில் மிஞ்சியது அது. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத் தூண்கள் இருக்கின்றனவே, சின்ன வயதில் யாரும் பார்க்காதபோது தட்டிவிட்டுக் காதை ஒட்டவைத்துக் கேட்போமே, கல்லுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் கரையும். கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதன்மேல் மெதுவாக கிட்டார் வருகிறது. நாலாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் எல்லாம் அடங்கி, நாலே நாலு சுரம். மறுபடி அதே நாலு. இன்னும் பாட்டு வரவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ஏல, பாடுறவன் இன்னும் வரலியா?" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். குரல் வர எட்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் இந்தத் தட்டைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு வரி நான் எங்கும் படித்ததில்லை.

வராதவர் பெயர் ரோஜர் கீத் பாரெட், எல்லோரும் அழைத்தது சிட். 1946-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். (பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பீற்றிக்கொள்வோம், இந்த விஷயத்தில் எதிரணி ஜெயித்துவிட்டது.) குழுவுக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்று அமெரிக்காவில் இரண்டு ப்ளூஸ் பாடகர்கள், அந்த இருவரின் பெயரிலிருந்து ஒவ்வொரு பாதியை எடுத்து ஒட்டினார். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் 11 உருப்படிகள், அதில் எட்டு அவர் தனியாக எழுதியது. அவற்றில் பெரும்பாலானதைப் பாடியது, கிட்டார் வாசித்தது, அதை எக்கோ பெட்டிக்குள் விட்டுக் கிறுகிறுக்க வைத்தது எல்லாம் அவரே. அதே வருஷக் கடைசிக்குள் ஆள் கைவிட்டுப் போய்விட்டார். போதை ஒரு பக்கம், மனநலம் ஒரு பக்கம், எது எதனால் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. மேடையில் நிற்பார், வாசிக்க மாட்டார். வாசித்தாலும் ஒரே கார்டை (சுரக்கூட்டை) திரும்பத் திரும்ப அடிப்பார்.

அவருடைய ஊர்க்காரர், பழைய சிநேகிதர் டேவிட் கில்மோரைக் கூடச் சேர்த்துச் சில நாள் ஐந்து பேராக ஓட்டிப் பார்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள் நிகழ்ச்சிக்குக் கிளம்பி வண்டியில் போகும்போது, சிட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போவோமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் விடு என்று இன்னொருவர் சொல்ல, அப்படியே போய்விட்டார்கள். அவ்வளவுதான். கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, சண்டையும் இல்லை. ஒரு குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரை அதிலிருந்து நீக்கிய கதை இத்தனை சின்னதாக இருப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதில் எல்லோரும் கணக்குத் தப்பினார்கள். பீட்டர் ஜென்னர், ஆண்ட்ரூ கிங் என்ற இரண்டு மேனேஜர்களும் குழுவை விட்டுவிட்டு சிட்டோடு போனார்கள், சரக்கு அவரிடம்தான் இருக்கிறது என்று நம்பி. அன்றைக்கு அது நியாயமான நம்பிக்கைதான். மிச்சம் இருந்தவர்களில் உருப்படியாகப் பாட்டு எழுதத் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. மூன்று நிமிஷப் பாட்டு எழுத ஆள் இல்லாததால் இருபது நிமிஷத்துக்கு வாசித்துக்கொண்டே போனார்கள், வாசித்து வாசித்து அதிலேயே ஒரு பாதை கிடைத்தது. சிட்டின் செல்வாக்கு என்றதும் அவருடைய கிட்டார், அவருடைய குழந்தைத்தனமான வரிகள், டேவிட் போவி 1973-ல் அவர் பாட்டை எடுத்துப் பாடியது என்று சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். என்னைக் கேட்டால், அவர் செய்துவைத்துவிட்டுப் போனதைவிட அவர் காலி செய்துவிட்டுப் போன இடம்தான் பெரிய செல்வாக்கு. அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் இவர்கள் வீடு கட்டினார்கள். நம் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் குழுவைப் பார்த்திருப்பீர்கள். அண்ணாவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும், இன்னும் அவர் பெயரைச் சொல்லித்தான் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள். வில்லின் நடுவில் உட்காருபவர் மாறியிருப்பார், குடம் அடிப்பவர் மாறியிருப்பார், காப்புப் பாட்டை எடுக்கிற இழுப்பு மட்டும் மாறவே மாறாது.

எனக்கு இது வெறும் ரசிகர் சங்கதி இல்லை. கல்லூரியில் படிக்கும்போது பாளையங்கோட்டையில் எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. ஆரம்பித்தது நான் இல்லை, என் கூட்டாளி. சர்ச் கொயரில் கிட்டார் கற்றவன், எங்கள் எல்லோருக்கும் அவன்தான் வாத்தியார். குழுவுக்குப் பெயர் வைத்தான், தவணையில் டிரம் செட் எடுத்தான், இரண்டாம் வருஷம் ஒரு நாள் பயிற்சிக்கு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. வீட்டில் பிரச்சினை, வியாபாரம், அது இது. நாங்களும் ரொம்ப வற்புறுத்தவில்லை. வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று எட்டு வருஷம் வாசித்தோம்.

அவன் ஒன், டூ, த்ரீ என்று எண்ணி ஆரம்பிக்க மாட்டான். கிட்டார் பெட்டியின் பக்கவாட்டில் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான், அவ்வளவுதான், எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். அவன் போன பிறகும் நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். புதிதாக வந்த டிரம்மர், ஏன்டே கதவைத் தட்டுற மாதிரி தட்டுறீங்க, ஒழுங்கா எண்ணக்கூடாதா என்று கேட்டான். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் அவனும் அந்த இரண்டு தட்டுக்குப் பழகிவிட்டான். ஒருமுறை அம்பாசமுத்திரத்தில் ஒரு வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தோம். பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் மேடைப் பக்கம் வந்தான், ஒரு பாட்டு முழுதும் நின்று கேட்டான், "பேஸ் கூடிப்போச்சுலே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கூடித்தான் இருந்தது.

சிட் திரும்பி வந்த கதை இந்த மாதிரிச் சிரிப்பில் முடியவில்லை. 1975 ஜூன் 5, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ. அந்தத் தட்டின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு ஆள் உள்ளே வந்தார், குண்டாக, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு. யாரோ ஸ்டூடியோ ஆள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அது சிட் என்று தெரிய வெகு நேரம் ஆனது. தெரிந்ததும் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்று கூட இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். எந்தப் பாட்டு அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, சிட் என்ன சொன்னார் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுவோம். இவரை நினைத்து இவர்கள் எழுதிய பாட்டு அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது, இவரும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தார், அடையாளம் தெரியவில்லை. இது தெரிந்த பிறகு முதல் பக்கத்தைக் கேட்டால் அந்த நாலு சுரமும் வேறு மாதிரி விழும். தெரியாமல் ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று சொல்ல வந்தேன், இப்போது நானே சொல்லிக் கெடுத்துவிட்டேன்.

இரண்டாம் பக்கம்தான் என் கட்சி. முதல் பாட்டு இசைக் கம்பெனிக்காரர்களை நக்கல் அடிப்பது. அதைப் பாடியிருப்பது குழுவில் யாருமே இல்லை, பக்கத்து அறையில் வேறு ஆல்பத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ராய் ஹார்ப்பர். உங்களில் பிங்க் யார் என்று ஒரு கம்பெனிக்காரர் கேட்கிற இடம் அதில் வருகிறது. பெயர் வைத்தவர் இல்லாத குழுவிடம் அந்தக் கேள்வி! பாட்டு முடியும்போது முழு இசையும் சட்டென்று சுருங்கி, சின்ன ரேடியோவிலிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். கில்மோரின் கார் ரேடியோவிலிருந்து பதிவு செய்த சத்தமும் இதில் உண்டு. யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார்கள், சாய்கோவ்ஸ்கியின் நாலாவது சிம்பொனி ஒரு கணம் தலைகாட்டிப் போகிறது. அப்புறம் அடுத்த பாட்டு, தட்டின் தலைப்புப் பாட்டு: ரேடியோவுக்குள் ஒரு கிட்டார், மெலிந்த குரலில். ஒரு இருமல். அதன்பின் பக்கத்திலேயே, இந்த அறைக்குள்ளேயே, ஒருவர் கிட்டாரை எடுத்து அந்த ரேடியோ கிட்டாரோடு சேர்ந்துகொள்கிறார். திருநெல்வேலி வானொலியில் பாட்டுப் போகும்போது கூடவே தப்புத்தப்பாகத் தட்டிப் பழகியவன் நான், எனக்கு அந்த இடம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே விரல் கம்பியில் வழுக்கும் சத்தம் தட்டில் கேட்கிறது. போனிலும் அது இருக்கும், நான் கவனித்ததில்லை.

கடைசி உருப்படியின் கடைசி விநாடிகளை மட்டும் சத்தம் கூட்டி வைத்துக் கேளுங்கள். குழு மொத்தமும் ஒதுங்கி, ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். தேயும்போது ஒரு பழைய மெட்டின் துண்டு நழுவி வரும். 'ஸீ எமிலி ப்ளே', 1967-ல் சிட் எழுதி ஹிட்டான பாட்டு. 26 நிமிஷம் அவரைப் பற்றியே வாசித்துவிட்டு, போகிற போக்கில் வாசற்படியில் அவருடைய பாட்டை ஒரு வாய் முணுமுணுத்துவிட்டுப் போகிறார் ரைட். அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்தத் தட்டில் எனக்குப் பிடித்ததே அந்தச் சில விநாடிதான். மின்விசிறி ஓடினால் கேட்காது, நிறுத்திவிடுங்கள்.

அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஆட்கள் கை குலுக்குகிறார்கள், ஒருவர் உடம்பில் தீ எரிகிறது. நிஜத் தீ. ரானி ராண்டெல் என்ற ஸ்டன்ட் கலைஞர், கலிபோர்னியாவில் ஒரு சினிமா ஸ்டூடியோ வளாகத்தில் எடுத்தது. காற்று திசைமாறி மீசை கருகிவிட்டது. நம் ஊராக இருந்தால் அதற்கே ஒரு வழக்கு நடந்திருக்கும். 1975-ல் விற்பனைக்கு வந்தபோது இந்தப் படத்தையே கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்து, மேலே ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வைத்தார்கள். இல்லாமல் போனதைப் பற்றிய தட்டு, அட்டையும் இல்லாதது போலவே கடைக்கு வந்தது. என்னுடைய அட்டையில் நசுங்கியது எரியாத ஆளின் பக்கத்து மூலை.

ஒரு எரிச்சல், இது தட்டின் குற்றம் இல்லை. சிட் என்றதும் கிறுக்கு மேதை என்று டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. உடம்பும் மனசும் முடியாமல் போனதில் என்ன அழகு இருக்கிறது? அந்த மனிதர் 1970-ல் இரண்டு தனி ஆல்பங்கள் வெளியிட்டார் (முதலாவதுக்கு வாட்டர்ஸும் கில்மோரும், இரண்டாவதுக்கு கில்மோரும் ரைட்டும் கூட நின்று உதவினார்கள்), அப்புறம் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். ரோஜர் என்ற பழைய பெயரில், படம் வரைந்துகொண்டு, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ராயல்டி பணம் அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கில்மோர் பார்த்துக்கொண்டார். 2005 ஜூலையில் லண்டன் மேடையில் குழுவின் மற்ற நால்வரும் பல வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக நின்று இந்தத் தலைப்புப் பாட்டைப் பாடும்போது, இங்கே இல்லாதவர்களுக்காக, முக்கியமாக சிட்டுக்காக என்று வாட்டர்ஸ் சொன்னார். அடுத்த வருஷம் ஜூலை 7, சிட் இறந்தார், வயது 60. குழுவில் இருந்தது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அதன்பின் வாழ்ந்தது 38 வருஷம். அந்த 38-ஐயும் கிறுக்கு என்ற ஒரு வார்த்தையில் அடக்குவது அநியாயம்.

சரி, வாங்கலாமா? நல்ல பெட்டி இருந்தால் வாங்கலாம். இந்தத் தட்டுக்காகவே ஒரு பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக்கொண்டு இருட்டில் படுத்துக் கேளுங்கள். வாங்கினால் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்க வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் மாடி அறை என்ன சூடு ஏறும் என்று தெரியும், ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் வைத்தால் தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கீழ் அறை, உள் சுவர். ஒரு தடவை முதல் பக்கத்தில் சாக்ஸபோன் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனது, தட்டு மெதுவாகத் தளர்ந்து நிற்க நிற்க அந்த சாக்ஸபோன் கிழவர் கொட்டாவி விடுவது போல இறங்கி நின்றது. அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசி விநாடிகளில் வரும் அந்தப் பழைய மெட்டை போனில் பதிவு செய்து கூட்டாளிக்கு அனுப்பினேன். கிட்டாரைத் தொட்டுப் பல வருஷம் ஆனவன், பதில் வராது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தது. "சுதி இறங்கிக் கெடக்குலே. பெல்ட்டப் பாரு."

தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டிவைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 33⅓, மூன்று நிமிஷத்துக்கு நூறு சுற்று வர வேண்டும். 97 வந்தது. மறுபடி எண்ணினேன், 97 தான். ஆக மேலே எழுதியிருப்பதெல்லாம் அந்த வேகத்தில் கேட்டது, எட்டரை நிமிஷம் உட்பட. நாளைக்கு டவுனுக்குப் போக வேண்டும்.